வாசலில் மூன்றாவது ஜோடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆவி, குறி, சகுனம் என்று எதையும் நம்பியவன் அல்லன் நான். இறைவனை நம்புகிறவனுக்கு இவற்றை நம்பத் தேவை என்ன என்பது என் கட்சி. திருவொற்றியூர்ச் சந்நிதியில் நாற்பது ஆண்டுகளாக விடியலில் பதிகம் பாடி வருகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் துறைமுகத்தில் லாஞ்ச் சாரங்கு, அதாவது கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆளையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு ஓடும் சிறு விசைப்படகின் தலைவன். கூட வேலை செய்தவர்கள் தண்ணீருக்கடியிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பார்கள், எண்ணூர்ப் பக்கம் அலைமேல் விளக்கு நடந்து போனது என்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தபடி கயிறு சுருட்டப் போய்விடுவேன். இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்களும் அப்படியே சிரித்துவிட்டு எழுந்து போகலாம், வருத்தப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுநிசியில் இல்லை, பகல் இரண்டரை மணிக்கு.

என் சம்பந்தியம்மாள் பிலோமினாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கல்மண்டபத்தில் வீடு, காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். அவருடைய மூத்த மகள் ஸ்டெல்லாவை என் மகன் குமரன் நான்கு ஆண்டுகளுக்கு முன் விரும்பி மணந்தான். திருநீற்றுக்காரன் வீட்டுக்கும் சிலுவைக்காரர் வீட்டுக்கும் ஒத்துப்போகுமா என்று ஊர் பேசியது. எங்கள் இருவருக்கும் முதல் நாளிலேயே ஒத்துப்போயிற்று, ஏனென்றால் இருவரும் கடலில் சோறு தின்றவர்கள்.

அவருடைய கணவர் ஆரோக்கியத்தை நான் பார்த்ததில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியலில் தனியாக ஃபைபர் படகில் போனவர். மூன்றாம் நாள் பழவேற்காட்டுக்கு அப்பால் படகு மிதந்தது. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, சோற்றுத் தூக்கு மூடி திறவாமல் இருந்தது. ஆள் இல்லை. உடலும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படகு அவர்களுக்குத் தாய் மாதிரி, அதில் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். கடலுக்குப் போகும் ஆண், செருப்பை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கரைக்கு நடப்பான். அவன் தெருமுனை திரும்பியதும், மனைவி அந்தச் செருப்பை எடுத்து, முனை வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைப்பாள். செருப்பு எந்த வீட்டைப் பார்த்திருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் கால் வந்து சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆரோக்கியத்தின் செருப்பு பதினோரு ஆண்டுகளாக அப்படியே வீட்டைப் பார்த்து, கம்பிக் கதவுக்கும் மரக் கதவுக்கும் நடுவே கிடந்தது. நீல வார் வைத்த ஹவாய்ச் செருப்பு. இடது காலில் வார் அறுந்த இடத்தைப் பச்சை வலைநூலால் இழுத்துக் கட்டியிருப்பார். நூலின் நுனி பிரிந்து தொங்கும். கயிறு பிடித்தே பழகிய எனக்குப் பிரிந்த நுனி ஒன்றைப் பார்த்தால் பல்லில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உட்கார்ந்து மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட விரல் துடிக்கும். ஆனால் அந்தச் செருப்பைத் தொட சம்பந்தியம்மாளைத் தவிர எவருக்கும் உரிமை கிடையாது. தினமும் காலையில் முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பார்.

குமரனுக்கு இத்தாலியில் பீசா என்ற ஊரில் வேலை. ஸ்டெல்லாவுக்குக் குழந்தை பிறந்தபோது நானும் என் மனைவியும் சம்பந்தியம்மாளும் மூன்று மாதம் அங்கே போய் இருந்தோம். குழந்தைக்குப் புடவையில் தூளி கட்டி, கயிற்று நுனிகளை நான்தான் சுற்றி முடிந்து கொடுத்தேன். நான் இடக்கைக்காரன், என் சுற்று வலமிருந்து இடமாக ஓடும். "இன்னா சம்பந்தி, ஒலகமே ஒரு பக்கம் சுத்துனா உங்க கயிறு மட்டும் ரிவர்ஸ்ல போவுது?" என்று அவர் கேலி செய்தது இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான், விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இளைய மகள் ரீட்டாவின் கல்யாண ஏற்பாடு முற்றி, பத்திரிகை அச்சடிக்கும் கட்டத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம். நல்ல மனிதர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் போனில் பேசியதை நானும் கேட்டேன். "மதினி, தப்பா நெனச்சிராதிய. அண்ணன் இருக்காவன்னா கோயில்ல பிள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். இல்லேன்னா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடணும், ஆத்தும பூசையும் வச்சிரணும். ரெண்டுமில்லாம நடுவுல நிக்கப்பிடாதுல்லா?"

சம்பந்தியம்மாள் போனை வைத்துவிட்டார். மூன்றாம் நாள் ஸ்டெல்லா தன் கைப்பேசியில் எதையோ படித்துக் காட்டினாள். பக்கத்தில் லூக்கா என்று ஒரு ஊர். ஊரைச் சுற்றி முழு மதில், உள்ளே நூற்றுக்கணக்கான ஆண்டுப் பழமையான தேவாலயங்கள். பெரிய கோயிலில் ஒரு மரச்சிலுவைச் சுரூபம். அது பாய்மரமும் ஆளும் இல்லாத ஒரு படகில் தானாகக் கடல் கடந்து கரைக்கு வந்தது என்று அந்த ஊர் வரலாறு.

சம்பந்தியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவுருக்கு ஆளில்லாத படகு வந்துச்சு, இவுரும் வந்து சேந்தாரு. எனுக்கு ஆளில்லாத படகு மட்டும்தான் வந்துச்சு. அவராண்ட நான் ஒரு வார்த்த கேக்கணும். கேட்டாத்தான் பத்திரிக்க."

குமரனுக்கு வேலை நாள், ஸ்டெல்லா பச்சை உடம்பு, குழந்தையைக் குளிப்பாட்ட என் மனைவி வேண்டும். ஆகவே மொழி தெரியாத ஊருக்கு, இரண்டு கிழங்கள், கையில் எலுமிச்சைச் சோற்று டப்பாவோடு ரயில் ஏறினோம். அரை மணி நேரப் பயணம். சம்பந்தி மரியாதைக்கு நான் இரண்டடி முன்னால் நடந்தேன், அவர் முழங்கால் வலியோடு பின்னால் வந்தார்.

மதில் என்றால் நம் கற்பனைக்கு எட்டாத மதில். மேலே மரம் வைத்து, மக்கள் சைக்கிள் ஓட்டும் அளவு அகலம். சம்பந்தியம்மாள் மேலே ஏறி நின்று இடுப்பில் கைவைத்து வெளியே பார்த்தார். "ஹார்பர் சுவராட்டம் கட்டிக்கிறான். ஆனா அந்தாண்ட கடல காணோமே? புல்லு மொளைக்கிறதுக்கா இம்மாம் பெரிய சுவரு?" என்றார். கடல் அங்கிருந்து எட்டாத தூரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு கோயிலுக்குப் போனோம், முகப்பில் பொன் பதித்த சித்திரம். உள்ளே கண்ணாடிப் பேழையில் ஒரு புனிதையின் வற்றிய உடல். வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்ணாம். சம்பந்தியம்மாள் நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்துவிட்டு, "இவுளுக்கு ஒடம்பாவது கீது" என்று மட்டும் சொன்னார். அடுத்த கோயிலைப் பகலுணவுக்காகப் பூட்டிவிட்டார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். மழை பிடித்துக்கொண்டது. அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. திரும்பிவிடலாமா, இன்னொரு நாள் வரலாம் என்றேன்.

"இன்னொரு நாளா? பதினோரு வருசமா இன்னொரு நாள், இன்னொரு நாள்னுதான் ஓட்டிகினு கீறேன். தவழ்ந்துகினு போனாலும் இன்னிக்கி கேட்டுட்டுத்தான் ரயிலேறுவேன் சம்பந்தி" என்று எழுந்துகொண்டார். அந்த உறுதிக்கு முன்னால் என் யோசனை நிற்கவில்லை.

பெரிய கோயிலுக்கு முன்னால் மூன்று வளைவுகள் கொண்ட கல் மண்டபம், மழை உள்ளே வராது. அங்கேதான் நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தோம். சம்பந்தியம்மாள் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டார், நானும் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். அவருடைய ராயபுரத்துக் கோயிலானால் என்ன, என் திருவொற்றியூர்க் கோயிலானால் என்ன, கால் தானாகச் செய்யும் வேலை அது. அந்த ஊரில் எல்லோரும் ஷூவோடுதான் போய் வருகிறார்கள் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் காலைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தபோதுதான் உறைத்தது.

"சிரிச்சிட்டுப் போவட்டும். நீங்க செருப்ப பாத்துக்கோங்க, நான் மொதல்ல கேட்டுட்டு வரேன்" என்று அவர் உள்ளே போனார்.

இத்தாலியின் பழம்பெரும் தேவாலய வாசலில் நான் செருப்புக் காவல். எனக்கே சிரிப்பு வந்தது. மண்டபத் தூண் ஒன்றில், ஒரு முழ அகலத்தில் ஒரு சுழல்வழிக் கோலம் செதுக்கியிருந்தது. எத்தனையோ விரல்கள் தடவித் தடவித் தேய்ந்த கோலம். நானும் விரலை வைத்து வழி தேடினேன். ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் இரண்டு நிமிடம். திரும்பினேன். வாசலில் மூன்று ஜோடி இருந்தது.

என் ஷூ, சம்பந்தியம்மாளின் செருப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு ஹவாய்ச் செருப்பு. நீல வார். சொட்டச் சொட்ட ஈரம். முனை கோயிலைப் பார்த்து இருந்தது.

எனக்கு முதலில் தோன்றியது பயம் அல்ல, மகிழ்ச்சி. நம்மைப் போல இன்னொருவர் வந்திருக்கிறார், ஈழத்துத் தமிழர் யாராவது இருப்பார், அந்த நாட்டில் அவர்கள் உண்டு என்று குமரன் சொல்லியிருந்தான். அப்புறம்தான் இடது செருப்பைக் கவனித்தேன். வார் அறுந்த இடத்தில் பச்சை வலைநூல் கட்டு, பிரிந்து தொங்கும் நுனி.

நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். ஹவாய்ச் செருப்பு உலகமெல்லாம் ஒரே மாதிரி, நூலும் உலகமெல்லாம் கிடைக்கிறது. என் மனம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் உடல் குனிந்து உட்கார்ந்துவிட்டது. நீறு பூசிய நெற்றியோடு, யாருடையதென்று தெரியாத செருப்பை என் கையில் எடுத்தேன், இதற்கு என்னால் காரணம் சொல்ல முடியாது. நான்கு ஆண்டுகளாகத் துடித்த விரல் சும்மா இருக்கவில்லை. பிரிந்த நுனியைச் சேர்த்து முறுக்கி, வலமிருந்து இடமாக ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கயிற்று வேலைப் பழக்கத்தில் விரலை நாவில் வைத்தேன். உப்புக் கரித்தது.

லாஞ்சின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் சாரங்கு முதலில் செய்வது அதைத்தான், தொட்டு நாக்கில் வைப்பான். சப்பென்றிருந்தால் மழை, கரித்தால் கடல், அதாவது எங்கோ ஓட்டை. முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த நாக்கு பொய் சொன்னதில்லை. வெளியே பெய்துகொண்டிருந்தது மழை. செருப்பில் இருந்தது கடல்.

"சம்பந்தி!" என்று உள்ளிருந்து குரல். செருகி இறுக்க வேண்டிய கடைசி நுனியை அப்படியே விட்டு, செருப்பை இருந்தபடியே வைத்துவிட்டு எழுந்து ஓடினேன்.

கோயிலுக்குள் ஒரு சிறு கோயில் மாதிரி பொன் பூசிய மண்டபம், அதன் கம்பிகளுக்குப் பின்னால் அவர். ஆளுயரத்துக்கு மேல் கருத்த மரம். நீண்ட அங்கி. மூடாத கண்கள். சம்பந்தியம்மாள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"எனுக்கு வாய் வர்ல சம்பந்தி. ஏலத்துல கத்துற வாயி, இங்க வர்ல. உங்க பாட்டுல கேட்டுக் குடுங்க."

"எங்க பாட்டா, இங்கயா?"

"பாட்டு எந்த ஊருக்குப் போனா இன்னா? அவரு கடல்ல வந்தவரு, எல்லா பாஷையும் தெரியும். பாடுங்க."

நான் பாடினேன். அடைந்தவனை அவன் அடி கைவிடாது என்னும் பொருளில் நான் அன்றாடம் ஓதும் பதிகம். மெல்லத்தான் தொடங்கினேன், கல் வளைவுகள் அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன. சந்நிதியில் பாடுவதற்கும் அங்கே பாடியதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. பாடும்போது என் கண் மட்டும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது, உள்ளே இருந்தவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு பேர். அத்தனை காலிலும் ஷூ. வெறுங்கால் எங்கள் நான்கு மட்டும்தான்.

பாட்டு முடிந்தது. சம்பந்தியம்மாள் அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்தார். "கண்ண தொறந்துகினு கீறாரு, வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வாசலில் இரண்டு ஜோடிதான் இருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் கல்லின்மேல் இரண்டு பாத வடிவில் ஈரம், ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுக்க ஓடிப் பார்த்தேன், சதுக்கத்தில் மழையில் நின்று பார்த்தேன்.

"இன்னா தேட்றீங்க?"

"ஒண்ணுமில்ல சம்பந்தியம்மா" என்றேன். என்ன சொல்வது? சொன்னால், கணவர் உயிரோடு எங்கோ நடமாடுகிறார் என்று இன்னும் பதினோரு ஆண்டு காத்திருப்பாரே.

ரயில் நிலையத்தில் நின்றபோது சம்பந்தியம்மாளின் கைப்பேசியில் காஜா பாய் கூப்பிட்டார். கல்மண்டபத்தில் அவருக்கு அடுத்த வீடு, அச்சகம் வைத்திருப்பவர், வீட்டுச் சாவியும் அவரிடம்தான். "அக்கா, பேஜாரா போச்சு. மாப்ள வூட்டுக்காரங்க டெய்லி கேக்கறாங்க. அண்ணன் பேருக்கு முன்னால இன்னா போட்றது?"

"ஒண்ணும் போடாத பாய். வெறும் பேரு."

"அவங்க ஒத்துக்கலைன்னா?"

"ஒத்துக்கலைன்னா கல்யாணம் நிக்கட்டும். எனுக்கே தெரியாதத நான் எப்டி அச்சடிப்பேன்?"

மூன்று வாரம் கழித்து ஊர் திரும்பினோம். காஜா பாய் எதையும் அச்சடிக்காமல் வைத்திருந்தார். பெட்டியை நான்தான் கல்மண்டபத்து வீடுவரை கொண்டுபோனேன். சம்பந்தியம்மாள் கம்பிக் கதவைத் திறந்தார், குனிந்தார், முந்தானையால் தூசு துடைக்கச் செருப்பை எடுத்தார். கை நின்றுவிட்டது.

"பாய்! இத்த யாரு தொட்டது?"

காஜா பாய் பதறிப்போய் வந்தார். "அல்லா மேல ஆணையா யாரும் தொடல அக்கா. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. கதவே தொறக்கல."

அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சம்பந்தி. இது தூளிக்கயிறு கட்டு. ரிவர்ஸ்ல போவுது. இது உங்க கை."

அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு உட்பட. காஜா பாய் சுவரோடு ஒட்டி நின்றார். சம்பந்தியம்மாள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"செருப்பு எந்தப் பக்கம் பாத்துகினு இருந்துச்சு?"

"கோயிலப் பாத்து."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் அதன் தூசைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"அப்ப அதான் அவுரு வூடு. நான்தான் இங்கயே திருப்பித் திருப்பி வச்சிகினு கெடந்தேன்." முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "பாய், காலஞ்சென்ற போடு. இன்னிக்கே போடு."

ஆத்தும பூசை நடந்தது. உடலுக்குப் பதிலாக அந்தச் செருப்பைப் பெட்டியில் வைத்துக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ரீட்டா கல்யாணத்தில், தகப்பன் இடத்தில் நின்று கோயில் வாசல்வரை அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவன் நான். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது.

என்னால் முடிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பெட்டியை மூடுமுன் அந்தச் செருப்பைக் கடைசியாக ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். மூன்று சுற்றும் என்னுடையவை, சந்தேகமே இல்லை. ஆனால் கடைசி நுனியைச் செருகாமல் விட்டுத்தானே அன்று எழுந்து ஓடினேன்? அது செருகப்பட்டிருந்தது. துறைமுகத்தார் செருகும் விதத்தில் அல்ல. கையில் வலை இருப்பதால் நூலைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்குவார்களே வலை பின்னுகிறவர்கள், அந்த விதத்தில். பச்சை நூலின் நுனி நசுங்கி, அதில் இரண்டு பல் பதிந்திருந்தது.